இருட்டு பேட்மேனும் ஜிகினா பேட்மேனும்

முதல்லயே சொல்லிடறேன், இது சினிமா விமர்சனம் இல்லை. நான் பி.காம். படிச்சுட்டு மனாமாவில் ஒரு பேங்கில் கடன் மனுக்களைத் துருவிக்கிட்டு இருக்கிற நாற்பத்தஞ்சு வயசு ஆள். சினிமா பத்திப் பேச எனக்கு இருக்கிற ஒரே தகுதி, காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் பார்த்ததுதான். ஆனாலும் இந்த விஷயம் போன ஜூலையிலிருந்து தொண்டையில் சிக்கின மீன்முள்ளு மாதிரி உறுத்திக்கிட்டே இருக்கு.

லீவுக்கு சித்தூர் போயிருந்தோம். (சித்தூர் தமிழ்நாடா ஆந்திராவான்னு இன்னும் கேக்கிறவங்களுக்கு: ஆந்திராதான். 1911 வரைக்கும் எங்க பக்கம் வட ஆற்காடு ஜில்லா. 1960ல் எல்லையைத் திருத்தினப்போ திருத்தணி அந்தப் பக்கம் போச்சு, நாங்க இந்தப் பக்கமே தங்கிட்டோம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, தியேட்டரில் ரெண்டும்.) மத்தியானம் சாப்பிட்டு முடிச்சு நைனா டிவியில் ஒரு பழைய படம் பார்த்துக்கிட்டு இருந்தார். என்.டி.ராமாராவ் நடிச்ச 'சூப்பர்மேன்', 1980ல் வந்த தெலுங்குப் படம். ராமாராவுக்கு அப்போ ஐம்பத்தேழு வயசு. இறுக்கமான உடுப்பு, முதுகில் மேலங்கி, வானத்தில் பறக்கிறார். நைனா சோடாபுட்டிக் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டு சின்னக் குழந்தை மாதிரி ரசிச்சுப் பார்க்கிறார்.

என் பையனுக்குப் பதினஞ்சு வயசு. பின்னாடி நின்னு பார்த்தவன் சிரிச்சான். சாதாரண சிரிப்பு இல்லை, கையில் போனை எடுத்து டிவியையும் தாத்தாவையும் சேர்த்துப் படம் பிடிக்க ஆரம்பிச்சுட்டான், சிநேகிதர்களுக்கு அனுப்பறதுக்கு. "தாத்தா, எப்படித் தாத்தா இதையெல்லாம் பாக்கறீங்க? செம க்ரிஞ்ச்."

அந்த வார்த்தைக்கு அர்த்தம் நைனாவுக்குத் தெரியாது. ஆனா தொனி தெரியுமே. ஒண்ணும் சொல்லாம ரிமோட்டை எடுத்து டிவியை அணைச்சார். எழுந்து திண்ணைக்குப் போயிட்டார்.

தங்கமணி பையனைத் திட்டினாங்க. நானும் திட்டியிருக்கணும், வாய் வரலை. காரணம் இருக்கு. அதே முகத்தை நான் ஏற்கனவே ஒரு தடவை பார்த்திருக்கேன், 2008ல். அப்போ அப்படி ஆக்கினது நான்.

2008ல் நான் சித்தூர்லயே ஒரு பேங்கில் வேலை பார்த்துக்கிட்டு இருந்தேன். 'தி டார்க் நைட்' வந்து ஊரே பேசிக்கிட்டு இருந்த நேரம். நைனா ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர். அவரைக் கட்டாயப்படுத்தி பஸ் ஏத்தி மெட்ராஸ் கூட்டிப் போய் சத்யம் தியேட்டரில் அந்தப் படத்தைக் காட்டினேன். எங்க ஊரிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர். "நைனா, இதான் நிஜமான சூப்பர் ஹீரோ படம், பாருங்க"ன்னு பெருமையா சொன்னேன். படம் முடிஞ்சு வெளியே வந்து டீ குடிக்கும்போது கேட்டார்: "எல்லாம் நல்லாத்தான் எடுத்திருக்கான். ஆனா வேஷம் கட்டினவன் ஏன்டா படம் முச்சூடும் துக்கம் கொண்டாடறான்? வேஷம் கட்டினா ஆடணும் இல்ல?"

எனக்கு வந்த கோபம் இருக்கே. வாலாஜா தாண்டற வரைக்கும் அவருக்குப் பாடம் எடுத்தேன். எதார்த்தம்னா என்ன, நோலன் யாரு, உங்க ராமாராவ் படமெல்லாம் வெறும் கோமாளிக் கூத்து, உலகம் எங்கேயோ போயிடுச்சு, இப்படி. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துட்டார். பையன் பண்ணினது எங்கிருந்து வந்ததுன்னு நான் வேற யாரைக் கேக்கறது?

அதனால இந்தப் பிரச்சனையை எனக்குத் தெரிஞ்ச முறையில், கணக்கை முதல்லேருந்து எழுதிப் பார்க்கலாம்னு உட்கார்ந்தேன்.

பேட்மேன் பிறந்தது 1939ல். பாப் கேன் வரைஞ்சார், பில் ஃபிங்கர் எழுதினார். ஆரம்பத்தில் இருட்டுதான், அப்பா அம்மா கண்ணெதிரே சுட்டுக் கொல்லப்பட்ட பையன், வளர்ந்து ராத்திரியில் வேட்டையாடறான். 1954ல் வெர்தாம்னு ஒரு மனநல மருத்துவர், காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்குதுன்னு புத்தகம் எழுத, அமெரிக்காவில் பெரிய கலாட்டா. பதிப்பாளர்கள் பயந்துபோய் தங்களுக்குத் தாங்களே விதிமுறை போட்டுக்கிட்டாங்க. பேட்மேன் சாதுவானார். அப்புறம் 1966ல் ஆடம் வெஸ்ட் நடிச்ச டிவி தொடர், அதே வருஷம் அதே ஆளை வைச்சு சினிமா. குத்து விட்டா திரையில் கலர் கலரா எழுத்து வெடிக்கும். சாம்பல் உடுப்பு, கொஞ்சம் தொப்பை. சுறா மீன் காலைக் கவ்வினா அதை விரட்ட ஹெலிகாப்டரில் ஸ்பிரே டப்பா தயாரா இருக்கும்!

இந்த சினிமாவை நான் பார்த்தது தொண்ணூறுகளின் ஆரம்பத்தில், எங்க தெரு கேபிள்காரர் புண்ணியத்தில். அவர் கையில் எந்த கேசட் கிடைக்குதோ அதுதான் அன்னிக்கு ஒளிபரப்பு. எனக்கு அப்போ பன்னிரண்டு வயசு இருக்கும். கேலிக்காக எடுத்த படம்னு ஒரு நிமிஷம் கூடத் தோணலை. சுறா விடணுமேன்னு வேண்டிக்கிட்டேன்.

மறுபடி இருட்டு வந்தது எண்பதுகளில். 1986ல் ஃபிராங்க் மில்லரின் காமிக்ஸ், 1989ல் டிம் பர்ட்டன் படம். அந்தப் படம் உலகம் முழுக்க 41 கோடி டாலர் வசூல். 1992ல் பர்ட்டனே எடுத்த அடுத்த படம் இன்னும் இருட்டு, வாயிலிருந்து கறுப்பா வழியற ஒரு பெங்குவின் வில்லன். பிள்ளைகள் அலறினாங்க, பெற்றோர் சண்டைக்கு வந்தாங்க, குழந்தைகள் சாப்பாட்டோடு பேட்மேன் பொம்மை கொடுத்த ஹாம்பர்கர் கம்பெனி சங்கடத்தில் மாட்டிச்சு. வசூலும் 27 கோடிக்கு இறங்கிடுச்சு. உடனே டைரக்டரை மாத்திட்டாங்க. ஜோயல் ஷூமாக்கர் வந்தார், நியான் விளக்கு வந்தது. 1995ல் 33 கோடி. ஆஹான்னு 1997ல் இன்னும் கொஞ்சம் ஜிகினாவைத் தூவி 'பேட்மேன் அண்ட் ராபின்' எடுத்தா, 24 கோடிக்குள்ள சுருண்டு படுத்துடுச்சு. எட்டு வருஷம் பேட்மேன் பக்கமே யாரும் போகலை. 2005ல் கிறிஸ்டோபர் நோலன் வந்து மறுபடி கறுப்பு அடிச்சார். 2008ல் 100 கோடி டாலர் தாண்டினதும், உலகத்தில் இருக்கிற எல்லா சூப்பர் ஹீரோவும் சிரிக்கிறதை நிறுத்திட்டாங்க.

வரிசையா எழுதிப் பார்த்தா ஒரு விஷயம் பளிச்சுன்னு தெரியுது. நாங்க ஏதோ ரசனை வளர்ந்து ஜிகினாவிலிருந்து இருட்டுக்கு முன்னேறிட்டோம்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம். முன்னேற்றமும் இல்லை, ஒண்ணும் இல்லை. போன கணக்கில் நஷ்டம் வந்த பக்கத்தை மூடிட்டு எதிர்ப்பக்கம் ஓடறாங்க, அவ்வளவுதான். சூப்பர்மேனுக்கும் இதே கதை. 2013ல் ஸ்னைடர் எடுத்தது சிமெண்ட் கலரில் இருந்தது. 2025ல் ஜேம்ஸ் கன் எடுத்ததில் ஜட்டி வெளியே, மேலங்கி போட்ட நாய் வேற. நாங்க சித்தூர் போனது அந்தப் படம் வந்த மாசம்தான்! உலகமே மறுபடி ஜிகினா பக்கம் திரும்பின நேரத்தில் என் பையன் தாத்தாவைப் பார்த்துச் சிரிச்சிருக்கான்.

சரி, அடுத்தது எதார்த்தம். நைனாவுக்கு வாலாஜா வரைக்கும் பாடம் எடுத்தேனே, அதே எதார்த்தம். எனக்குத் தெரிஞ்ச தொழில் பேங்க் ஒண்ணுதான், அதனால படத்தில் பேங்க் வர இடத்தை மட்டும் ஆடிட் பண்றேன்.

முதல்ல 'பேட்மேன் அண்ட் ராபின்'. திருப்பதியில் பி.காம். முதல் வருஷம் படிக்கும்போது காலைக்காட்சி பார்த்த படம். அதில் ஒரு தர்ம ஏலம். பேட்மேனும் ராபினும் போட்டி போட்டுக்கிட்டு கோடிக்கணக்கில் ஏலம் கேக்கறாங்க. ஜார்ஜ் க்ளூனி இடுப்புப் பட்டையிலிருந்து படக்குன்னு ஒரு கிரெடிட் கார்டை உருவறார். வௌவால் முத்திரை போட்ட கார்டு. கடைசித் தேதி எழுதற இடத்தில் 'என்றென்றும்'னு போட்டிருக்கு. அன்னிக்குத் தியேட்டரில் என்னைச் சுத்தி எல்லாரும் ஊளையிட்டாங்க. பிற்பாடு பேங்கில் சேர்ந்து அடையாளச் சான்று, முகவரிச் சான்று, ரெண்டு போட்டோன்னு வாடிக்கையாளர் உயிரை எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கார்டு ஞாபகம் வரும். முகமூடி போட்ட ஆளுக்கு எந்த மேனேஜர் கையெழுத்துப் போட்டுக் கணக்கு ஆரம்பிச்சுக் கொடுத்தார்? போட்டோ எப்படி ஒட்டினாங்க?

சரி, இது அபத்தம். ஒத்துக்கறேன். இப்போ நோலன் 2012ல் எடுத்த மூணாவது படத்துக்கு வாங்க. வில்லன் பேன், துப்பாக்கி ஆட்களோட பட்டப்பகலில் பங்குச் சந்தைக்குள்ள புகுந்து, திருடின கைரேகையை வைச்சு புரூஸ் வெய்ன் பேரில் கன்னாபின்னான்னு வியாபாரம் பண்ணிடறான். புரூஸ் ஒரே நாளில் ஓட்டாண்டி. கொஞ்ச நேரத்தில் வீட்டுக் கரண்ட்டையும் பிடுங்கிடறாங்க. பின்னாடி மோசடின்னு நிரூபிச்சுக்கலாம், இப்போதைக்கு நீ போண்டின்னு ஒரு வசனம் வைச்சு டைரக்டர் தப்பிச்சுக்கறார்.

ஐயா, உலகத்தில் எந்தச் சந்தையில் இது நடக்கும்? நடு ஹாலில் துப்பாக்கிச் சூடு நடந்தா முதல்ல வியாபாரத்தை நிறுத்துவாங்க, அடுத்தது அந்த நேரத்து வியாபாரத்தைக் கிளறுவாங்க. 2010 மே 6ஆம் தேதி அமெரிக்கச் சந்தை சில நிமிஷத்தில் சறுக்கி விழுந்து எழுந்தப்போ, துப்பாக்கி ஒண்ணும் இல்லாமலேயே ஆயிரக்கணக்கான வியாபாரங்களை விலை தாறுமாறுன்னு சொல்லி ரத்து பண்ணாங்க. அதுவும் தவிர, வியாபாரம் முடிஞ்சு பணம் கைமாறவே அப்போ நாள் கணக்கு ஆகும். கரண்ட் பில்லு ஒரு மாசம் கட்டலைன்னாக்கூட எங்க சித்தூரில் லைன்மேன் வந்து ரெண்டு தடவை சொல்லிட்டுத்தான் ஃபியூஸைப் பிடுங்குவார். உலக மகா பணக்காரனுக்கு அந்த மரியாதை கூடக் கிடையாதா?

அந்த சீனைத் தியேட்டரில் பார்த்தப்போ நான் சிரிக்கலை. யாருமே சிரிக்கலை. ஏன்னா பின்னணி இசை கனமா இருந்தது, எல்லாரும் கறுப்புக் கோட்டு போட்டிருந்தாங்க, மெதுவா பேசினாங்க. கார்டும் கட்டுக்கதை, கைரேகையும் கட்டுக்கதை. ஒண்ணு கலர் ஜிகினா, இன்னொண்ணு கறுப்பு ஜிகினா. கறுப்பில் மினுக்கம் சட்டுன்னு கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதுக்காக ஜிகினா எல்லாம் நல்லதுன்னு நான் கொடி பிடிக்க வரலை. 'பேட்மேன் அண்ட் ராபின்' மோசமான படம்தான். டைரக்டரே பின்னாளில் மன்னிப்புக் கேட்டார், க்ளூனி இன்னிக்கு வரைக்கும் கேட்டுக்கிட்டு இருக்கார். ஆனா மோசமானதுக்குக் காரணம் கலர் இல்லை. அந்தப் படத்தில் இருக்கிற ஒருத்தருக்கும் பேட்மேன் மேல நம்பிக்கை கிடையாது. பொம்மை விக்கணும், அதுக்கு ஒரு படம், அவ்வளவுதான். ஆடம் வெஸ்ட் அப்படி இல்லை. சுறா ஸ்பிரேயைக் கையில் பிடிச்சுக்கிட்டு மந்திரி சபைக் கூட்டத்தில் பேசற மாதிரி முகத்தை வைச்சிருப்பார். ஊர் சிரிக்கும், அவர் மட்டும் சிரிக்க மாட்டார்.

அந்த 1966 படத்தில் ஒரு இடம் இருக்கு. பேட்மேன் கையில் திரி எரியற குண்டு, துறைமுகத்தில் ஓடறார். வீசலாம்னு ஒரு பக்கம் போனா கன்னியாஸ்திரீகள். இன்னொரு பக்கம் போனா தள்ளுவண்டியில் குழந்தையோட ஒரு அம்மா. தண்ணியில் போடலாம்னா படகில் காதல் ஜோடி. அந்தப் பக்கம் போட்டா வாத்தும் குஞ்சுகளும் நீந்துது! வாத்துக் குஞ்சு சாகக் கூடாதுன்னு மனுஷன் குண்டைக் கையிலேயே வைச்சுக்கிட்டுத் திண்டாடறார். இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கலாம். ஆனா 'தி டார்க் நைட்' கடைசியில் ரெண்டு கப்பல் வருதே, ஒரு கப்பல் ஜனங்க கையில் இன்னொரு கப்பலை வெடிக்கிற விசையைக் கொடுத்துட்டு ஜோக்கர் வேடிக்கை பார்க்கிறானே, ரெண்டு பக்கமும் யாரும் விசையை அழுத்தாம விட்டுடறாங்களே. கேள்வி ஒண்ணுதான். நான் தப்பிக்கணும்னா யாரைக் கொல்லலாம்? யாரையும் கொல்லக் கூடாது. ரெண்டு படமும் அதே பதிலைத்தான் சொல்லுது. ஒண்ணு வாத்தை வைச்சு ரெண்டு நிமிஷத்தில் சொல்லிடுச்சு, இன்னொண்ணுக்கு ரெண்டரை மணி நேரம் ஆச்சு.

இப்போ நைனா பார்த்துக்கிட்டு இருந்த படத்துக்கு வரேன். ராமாராவின் சூப்பர்மேன் போட்டிருக்கிறது அமெரிக்க சூப்பர்மேன் உடுப்பு. 1978ல் கிறிஸ்டோபர் ரீவ் படம் வந்து ஓடினதைப் பார்த்துத் தைச்சதுன்னு சொல்லவே வேணாம். ஆனா கதை பேட்மேன் கதை. சின்னப் பையன், பெத்தவங்களைக் கொலைகாரங்க கொன்னுடறாங்க. அவனுக்குப் பெரிய பங்களாவும் கிடையாது, சமையல்காரரும் கிடையாது. ஆஞ்சநேயர்கிட்ட முட்டிக்கிறான். சாமி சக்தி கொடுக்குது. கதையைப் பேப்பரில் எழுதினா இதை விட இருட்டு கிடையாது. அதை அந்தக் கலர் உடுப்பிலும் பாட்டிலும் போட்டுக் கொடுத்தா ஜனங்க அழுதுட்டு, சிரிச்சுட்டு, விசிலடிச்சுட்டு வீட்டுக்குப் போனாங்க. நைனா சித்தூரில் அந்தப் படம் பார்த்தப்போ நான் கைக்குழந்தை. அம்மா மடியில் நானும் தியேட்டரில் இருந்தேனாம்.

மூணே வருஷத்தில், 1983ல், அதே ராமாராவ் திருப்பதி தொகுதியிலும் குடிவாடாவிலும் நின்னு ரெண்டிலும் ஜெயிச்சு முதலமைச்சர் ஆனார். 2009ல் சிரஞ்சீவியையும் திருப்பதி ஜெயிக்க வைச்சது. வேஷத்துக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஜனங்கன்னு எங்களைப் பத்தி வெளியூர்க்காரங்க சிரிக்கிறது உண்டு. தெரியாம இல்லை. எங்க ஊரில் வேஷத்துக்கு வேற மரியாதை.

திருப்பதின்னா எல்லாருக்கும் மலை ஞாபகம் வரும். எங்க ஆயா வீடு கீழே, தாத்தய்யகுண்ட கங்கம்மா கோயில் பக்கம். மே மாசம் கங்கம்மா ஜாத்திரை ஒரு வாரம் நடக்கும். நாளுக்கொரு வேஷம். ஒரு நாள் உடம்பெல்லாம் வெள்ளை நாமக்கட்டி பூசிப்பாங்க, ஒரு நாள் குங்குமச் சிவப்பு, ஒரு நாள் கரிப்பொடிக் கறுப்பு, ஒரு நாள் சந்தனம். ஆம்பளைங்க சேலை கட்டி, பூ வைச்சு, நகை போட்டு வருவாங்க. ஒரு வேஷத்தில் வரவங்க தெருவில் போறவன் வரவனையெல்லாம் கெட்ட வார்த்தையில் திட்டலாம். திட்டு வாங்கினவன் சிரிச்சுக்கிட்டே போவான். சின்னப் பசங்களுக்கும் வேண்டுதல் உண்டு. எனக்கு ஏழு வயசில் நைனா கரி பூசி வேப்பிலை கட்டி விட்டார். கண்ணாடியில் பார்த்துப் பயந்து அழுதேன், அடுத்த நிமிஷம் எதிர்வீட்டுப் பையனைப் பயமுறுத்த ஓடினேன்.

ஆயா கதை சொல்லுவாங்க. ஊர்ப் பெண்களைச் சீரழிச்ச ஒரு பாளையக்காரன். கங்கம்மா அவனைக் கொல்ல வரா. அவன் பயந்து ஒளிஞ்சுக்கறான். அவனைத் தேடித்தான் நாளுக்கொரு வேஷம். கடைசியில் பெரிய துரை மாதிரி வேஷம் போட்டு வர, யாரோ துரை வந்திருக்கார்னு நம்பி வெளியே வந்தவன் தலையை வெட்டிடறா. அதோட கதை முடியலை. அடுத்த வேஷம் மாதங்கி. அந்த வேஷத்தில் எங்கே போறா தெரியுமா? செத்தவன் பொண்டாட்டிக்கு ஆறுதல் சொல்ல.

எத்தனையோ சூப்பர் ஹீரோ படம் பார்த்துட்டேன். வில்லனைக் கொன்னுட்டு அவன் வீட்டுக்குப் போய் அந்தப் பொம்பளை பக்கத்தில் உட்கார்ந்த ஒரு ஹீரோவை நான் பார்க்கலை. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பீங்க, இருட்டா ஜிகினாவா? 2024 டிசம்பரில் 'புஷ்பா 2' வந்தப்போ அல்லு அர்ஜுன் சேலை கட்டி, உடம்பில் நீலம் பூசி ஆடின ஜாத்திரைக் காட்சியை உலகமே பேசிச்சு. பேங்கில் பக்கத்து சீட்டு கேரளாக்காரர் என்கிட்ட வந்து "என்ன சார் இது, பயமாவும் இருக்கு, வேடிக்கையாவும் இருக்கு"ன்னார். எங்க ஊரு சார், அப்படித்தான்னு சொன்னேன். (கொஞ்சம் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்னு வைச்சுக்கோங்க.)

தமிழில் என்ன பண்ணாங்கன்னு கேப்பீங்க. 2009 'கந்தசாமி'யில் விக்ரம் சேவல் வேஷம் போட்டார். 2012 'முகமூடி'யில் மிஷ்கின் நோலன் பாதையில் இருட்டைப் பிடிச்சார், முகமூடி ஒட்டினது, மனசு ஒட்டலை. எனக்குப் பிடிச்சது 2023ல் வந்த 'மாவீரன்'. பயந்தாங்கொள்ளிப் படக்கதைக்காரன், தான் வரையற வீரனோட குரல் காதில் கேட்டு மாட்டிக்கிட்டு முழிக்கிறான். இடியப் போற அடுக்குமாடி வீட்டுப் பயமும் நிஜமா இருக்கு, சிரிப்பும் நிஜமா இருக்கு.

இவ்வளவும் யோசிச்சு, கணக்கெல்லாம் நேர் பண்ணிக்கிட்டு, மனாமா திரும்பின பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பையனை உட்கார வைச்சுப் பேசினேன். கார்டு, கைரேகை, வாத்து எல்லாம் சொன்னேன். பொறுமையா கேட்டான். கைரேகை விஷயத்தில் "அது கரெக்ட்தான்பா"ன்னு சிரிச்சான். அப்புறம் ஒண்ணு சொன்னான்.

"அப்பா, நீங்க சொல்றது எல்லாம் ஓகே. ஆனா எப்பவும் சந்தோஷமா இருக்கிற ஹீரோவை என்னால நம்ப முடியலைப்பா. தி பேட்மேன்ல பேட்டின்சன் யார்கிட்டயும் பேசாம ரூமுக்குள்ளயே இருப்பான் இல்ல, அது எனக்குப் புரியுது."

2022ல் வந்த மேட் ரீவ்ஸ் படத்தைச் சொல்றான். கிட்டத்தட்ட மூணு மணி நேரம், படம் முழுக்க மழை. நான் பாதியில் தூங்கினேன். இவன் நாலு தடவை பார்த்தான்.

எனக்கு உடனே பதில் சொல்ல வரலை. வளைகுடாவில் பிள்ளை வளர்க்கிறவங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இவனுக்கு ஒண்ணாம் வகுப்பிலிருந்து ஒரே சிநேகிதன், மேல் மாடி வீட்டுப் பையன். நடு வருஷத்தில் அவங்கப்பாவுக்கு வேலை போச்சு. ஒரு மாசத்தில் சாமானைக் கட்டிக்கிட்டுக் கோயம்புத்தூர் கிளம்பிட்டாங்க. ஏர்போர்ட்டில் ரெண்டு பேரும் கை கொடுத்துக்கிட்டாங்க, பெரிய மனுஷங்க மாதிரி. அதுக்கு முந்தின வருஷம் இன்னொருத்தன். அதுக்கு முன்னாடி ஒருத்தன். நாங்க பெரியவங்க கம்பெனி, கான்ட்ராக்ட், விசான்னு பேசி ஆத்திக்கறோம். இவன் அழுது நான் பார்க்கலை. கதவைச் சாத்திக்கிட்டு மழை பெய்யற பேட்மேனைப் பார்த்தான். நான் அதை ஃபேஷன்னு நினைச்சேன்.

2008ல் எனக்கு மட்டும் ஏன் அந்தப் படம் அவ்வளவு பிடிச்சதுன்னும் அன்னிக்கு ராத்திரி யோசிச்சேன். கிளையில் ஒரு சிக்கல், நான் செய்யாத தப்புக்கு விளக்கம் எழுதிக் கொடுத்துக்கிட்டு இருந்த மாசங்கள் அவை. தப்பைத் தன் தலையில் போட்டுக்கிட்டு ராத்திரியில் ஓடற ஒருத்தனைத் திரையில் பார்த்தப்போ எனக்கு எப்படி இருந்திருக்கும்! நைனாகிட்ட அதைச் சொல்லியிருக்கலாம். அவர் முப்பது வருஷம் பஸ்ஸில் எத்தனை மெமோ வாங்கினவர், புரிஞ்சிருக்கும். அதை விட்டுட்டு நோலன், எதார்த்தம்னு பேசினேன்.

ஆக, இருட்டு பேட்மேனை என் பையன்கிட்டேருந்து பிடுங்கறதாய் இல்லை. ஆனா தாத்தாவைப் படம் பிடிச்சது தப்புன்னு அன்னிக்குச் சொல்லிட்டேன். ஏன் தப்புன்னு சொல்லும்போது வாலாஜா கதையையும் சொன்னேன். "நீங்களுமா?"ன்னு கேட்டான். ஆமான்னேன். அந்த வீடியோவை அழிச்சுட்டான், ஏற்கனவே மூணு பேருக்குப் போயிடுச்சாம்.

அன்னிக்கே 1966 படத்தைத் தேடிப் போட்டேன். முதல் பத்து நிமிஷம் சோபாவில் படுத்துக்கிட்டு நெளிஞ்சான். சுறா வந்ததும் எழுந்து உட்கார்ந்தான். வாத்துக் குஞ்சு வந்ததும் சத்தமா சிரிச்சான், தங்கமணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கற அளவுக்கு. "அந்த ஆளு சீரியஸாவே ஓடறான்பா!"

போன வாரம் நைனாவுக்கு வீடியோ கால் போட்டப்போ பையன் போனை வாங்கிக்கிட்டான். ராமாராவ் படத்தில் ஆஞ்சநேயர் வர இடம் வரைக்கும் தானே பார்த்ததாவும், மீதிக்குத் தெலுங்கு புரியலைன்னும் சொன்னான். நைனா மீதிக் கதையைச் சொன்னார். சண்டைக் காட்சிக்குக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னதில் போன் ரெண்டு தடவை கீழே விழுந்தது. முடிச்சுட்டுக் கேட்டார்.

"அந்தக் கறுப்புச் சட்டைக்காரன் அடுத்த படம் எப்போடா?"

"2027ன்னு சொல்லியிருக்காங்க தாத்தா."

"இதுலயாவது சிரிப்பானா?"

"டவுட்டுதான் தாத்தா."

"வந்தா சொல்லு. மெட்ராஸ் எல்லாம் வேணாம், திருப்பதியிலேயே பார்த்துக்கலாம்."